பழைய பெட்டியும் புதுக்குடியும்

பிறர் ஆண்டு கழித்த பொருளை எடுத்து ஆளலாமா, ஆண்டால் அதனோடு ஒட்டிவந்த தோஷம் ஆளுகிறவனையும் பற்றுமா என்ற கேள்வி நம் தேசத்தில் மிகப் புராதனமானது. தர்மசாஸ்திரக்காரர்கள் அதை அற்பமாக எண்ணவில்லை. திரவிய சுத்தி என்று தனிப் பிரகரணமே வகுத்து, உலோகத்துக்கு ஒரு விதி, துணிக்கு ஒரு விதி, மரத்துக்கும் மண்ணுக்கும் வெவ்வேறு விதி என்று நுணுக்கமாக நிர்ணயம் செய்திருக்கிறார்கள். அந்தப் பிரகரணத்தை, எவரோ விற்றுக் கழித்த ஒரு பழைய தேனீப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு படித்தால், சாஸ்திரம் அதிகமாகப் பேசாமல் விட்ட ஒரு விஷயம் தென்படுகிறது. அதைத்தான் இங்கே சற்று நிதானமாக ஆராய விரும்புகிறேன்.

மயிலாப்பூரில், மாடவீதியை ஒட்டிய ஒரு சந்தில், மொட்டைமாடி உள்ள பழைய வீட்டில் வசிக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். சித்திரை பிறக்கும் தறுவாயில் வேம்பும் புங்கமும் பூத்துச் சொரிவதையும், எதிர்வீட்டு முருங்கையிலும் தென்னம்பாளையிலும் ஈக்கள் மொய்ப்பதையும் பல வருஷங்களாகப் பார்த்துப் பார்த்து, தாமும் ஒரு கூட்டம் தேனீயைக் குடிவைத்தால் என்ன என்ற ஆசை அவருக்கு உண்டாகிவிட்டது. புதுப் பெட்டி, அதற்குரிய தாங்கி, சட்டங்கள், புகையூட்டி, தேன் எடுக்கும் இயந்திரம் என்று எல்லாவற்றையும் வாங்கக் கையில் பணம் இல்லை. முன்பு தேனீ வளர்த்துச் சலித்துப்போன ஒருவரிடம் சொற்பத் தொகைக்கு ஒரு பெட்டி கிடைக்கிறது. வந்து சேர்ந்த பெட்டியைத் திறந்தால், அடிப்பலகையின் ஓரம் உளுத்திருக்கிறது. புழு அறையின் மூலைகள் விலகியிருக்கின்றன. சட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழுக்கள் வளர்ந்து விட்டுப்போன கூட்டுறைகள் படிந்து அடை கன்னங்கறேலென்று கறுத்திருக்கிறது. மெழுகுப் பூச்சியின் புழு அந்த அடையைக் குடைந்து வெண்ணிற நூலாம்படையால் மூடியிருப்பதோடு, சட்டத்தின் மரத்திலேயே பள்ளம் பறித்து வைத்திருக்கிறது. இதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது, இதற்குள் இருந்த குடி ஏன் போயிற்று என்ற கேள்விகளோடு ஆசிரியர் அமர்ந்திருக்கிறார்.

இந்தப் பெட்டியின் பூர்வோத்தரத்தையும் சிறிது சொல்லவேண்டும். சட்டங்களைத் தனித்தனியே தூக்கி எடுக்கும்படியான தேனீப் பெட்டியை 1851-ல் அமெரிக்காவில் அமைத்த லாங்ஸ்ட்ராத் என்பவர் ஒரு பாதிரியார். அந்தப் பெட்டி பெரியது. நம் நாட்டு அடுக்குத் தேனீயோ உருவத்தாலும் கூட்டத்தாலும் சிறியது. அதற்கேற்பச் சிறிய அளவில் ஒரு பெட்டியைத் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த சேசுசபைப் பாதிரியார் நியூட்டன் 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் உருவாக்கி, தென்னாட்டுக் கிராமத்தாருக்குக் கற்பித்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. பின்னர் 1920-களில் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராம சேவை நிலையம் இத்தொழிலை வீட்டுக்கு வீடு பரப்பியது. இரண்டு பெட்டிகளையும் செய்தவர்கள் சமய ஊழியர்களாக இருந்தது தற்செயலாக இருக்கலாம்; ஆயினும் அவர்கள் செய்த காரியத்தின் தார்மிகப் பயன் தற்செயலானது அல்ல. அதற்கு முன் தேன் எடுப்பது என்றால் அடையை அறுத்து, முட்டையும் புழுவுமாகச் சேர்த்துப் பிழிவதுதான். சட்டமும், 1865-ல் ஹ்ருஷ்கா என்பவர் கண்ட சுழற்றுக் கருவியும் வந்தபின், தேனை மட்டும் எடுத்துக்கொண்டு அடையைச் சேதமின்றித் திருப்பிக் கொடுக்க முடிந்தது. ஒரு கிலோ மெழுகைச் சுரக்கத் தேனீக்கள் ஆறேழு கிலோ தேனைச் செலவிடுகின்றன என்று தேனீ நூல்கள் கணக்குச் சொல்லும். ஆகவே அடையைத் திருப்பிக் கொடுப்பது சாமானிய உபகாரம் அல்ல. பழையதை மீண்டும் பயன்படுத்துவது என்பது இந்தத் தொழிலில் ஏழைமைக்காக வந்த சமாளிப்பு அன்று. இந்தத் தொழிலின் அஹிம்சைக்கு அஸ்திவாரமே அதுதான்.

இனி சாஸ்திரத்துக்கு வருவோம். மனு முதலானோர் மரப்பாத்திரம் அசுத்தப்பட்டால் அதன் மேற்பரப்பைச் சீவி எடுத்தால் சுத்தமாகும் என்கிறார்கள். உலோகத்துக்குச் சாம்பலும் புளியும் நீரும் போதும். மண்பாண்டத்துக்கோ மறுபடி சூளையில் இடுவது ஒன்றுதான் வழி; கடுமையான தீட்டுப் பட்டதானால் அதற்கும் இடமில்லை, உடைத்து எறிய வேண்டியதுதான். நம் பாட்டிமார் சாவுத் தீட்டுக்குப் பின் பித்தளைத் தவலையைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு மண்பானையைத் தெருக்கோடியில் போட்டுடைத்தது இந்த நியாயத்தின்படிதான். உட்புகாத பொருளில் தோஷம் மேலோடு நிற்கும், உட்புகும் பொருளில் உள்ளே போய்விடும் என்ற ஒரு பௌதிக ஞானம் அந்த விதிகளின் அடியில் இருக்கிறது.

ஆசிரியரின் பெட்டிக்கு இது வெகு நன்றாகப் பொருந்துகிறது. மரத்தாலான அறைகளையும் மூடியையும் உளியால் சுரண்டி, ஒட்டியிருக்கும் மெழுகையும் கசடையும் அகற்றி, சலவைச் சோடா கலந்த கொதிநீரால் கழுவி, சென்னை வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு உட்பலகைகளின்மேல் தீச்சுவாலையைக் காட்டி மரம் லேசாகப் பழுப்பேறும்படி வாட்டினால், அந்தப் பெட்டி பெரும்பாலான உபாதிகளிலிருந்து விடுபட்டுவிடும். கோணாத சட்டங்களையும் அவ்வாறே காப்பாற்றலாம். கம்பி துருவேறியிருந்தால் மாற்றிக் கட்டலாம். கறுத்த அடை மட்டும் மண்பானையின் ஜாதி. அதைக் கழுவ முடியாது, வாட்ட முடியாது, உருக்கத்தான் வேண்டும். ஐரோப்பியத் தேனீயாவது பழைய அடையில் பல காலம் குடியிருக்கும்; நம் அடுக்குத் தேனீ பழைய அடையைத் தானே கடித்துக் கீழே தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டும் சுபாவம் உள்ளது. ஆனால் பழைய மரத்தை அது வெறுப்பதில்லை. மெழுகின் மணம் ஊறிய பெட்டியைப் பிரிந்து பறக்கும் கூட்டம் விரும்பி அணுகும் என்பது வளர்ப்போரின் அனுபவம்; புதுப் பெட்டி வாங்கினவர்கள்கூட அதன் உட்புறத்தில் சிறிது மெழுகைத் தேய்த்து வைக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் சாஸ்திரமும் தொழிலும் ஒன்றுபட்டுப் போகின்றன. பேதம் வருவது இதற்கு மேல்தான். திரவிய சுத்தி விதிகளை எங்கே எடுத்துப் பார்த்தாலும் அவற்றின் கவலை, இந்தப் பொருளால் எனக்குத் தீட்டு உண்டா என்பதே. பாத்திரத்தில் உண்பவன் நான், துணியை உடுப்பவன் நான், ஆசனத்தில் அமர்பவன் நான். ஆதலால் விசாரணையும் என்னைச் சுற்றியே நடக்கிறது. தேனீப் பெட்டியில் இந்தச் சௌகரியம் இல்லை. பெட்டியை வாங்குகிறவன் நான். அதற்குள் வாழப்போவது வேறொரு ஜீவக்கூட்டம். பெட்டியில் நோய் ஒளிந்திருந்தால் எனக்கு ஒரு தும்மலும் வராது. சாவது அவை. அசுத்தத்தைப் பற்றிய தீர்ப்பை ஒருவன் கூற, அதன் பலனை மற்றொருவர் அனுபவிக்கும் இந்த நிலையில், எனக்குப் பாதகமில்லை என்ற திருப்தி எந்தப் பிரமாணமும் ஆகாது.

இது வெறும் தர்க்க விலாசம் என்று எவரும் எண்ணவேண்டாம். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்று சொல்லப்படும் ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியபோது, கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. கூட்டுக்குள்ளேயே புழுக்கள் நீர் நிரம்பிய பைபோல ஊதி இறந்தன. பிழைத்த ஈக்கள் கூட்டை விட்டு ஓடின. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தோட்டத்தில் பெட்டி மட்டும் எஞ்சி நின்றது. நோய்ப்பட்ட கூட்டின் அடைகளையும் சட்டங்களையும் நல்ல கூட்டுக்கு மாற்றலாகாது என்பது அப்போதும் இப்போதும் நிபுணர்கள் கூறும் முதல் எச்சரிக்கை. மேல்நாட்டில் அமெரிக்க அழுகல் நோய் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீயைப் பற்றுவது. அதன் நுண்ணிய வித்துக்கள் வெறும் பெட்டியில் 35 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்த்திருக்கக் கூடியவை. அங்கே அதிகாரிகள் வந்து பார்த்து, குழி தோண்டி, அடையும் சட்டமுமாக அதிலிட்டுக் கொளுத்தி மண்மூடுவது பல இடங்களில் வழக்கம். இந்த வித்துக்களைப் படிக்கும்போது, உடல் அழிந்தாலும் சம்ஸ்காரம் அழியாது தக்க க்ஷேத்திரம் கிடைக்கும்வரை காத்திருக்கும் என்று வேதாந்திகள் சொல்லுவதைப் பௌதிக சாஸ்திரம் தன் பாஷையில் சொல்லக் கேட்பதுபோல் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வேதாந்தத்தில் அவரவர் வினை அவரவரையே சாரும். பெட்டியிலோ முந்தின குடியின் வினை, அதை ஒருபோதும் கண்டிராத பிந்தின குடியின் தலையில் விடிகிறது.

இங்கே ஏழைமை என்ற வாதம் எழும். ஆசிரியரிடம் பணம் இல்லையே, ஆபத்துக் காலத்தில் விதிகள் தளர்வதை ஆபத்தர்மம் என்று சாஸ்திரமே அனுமதித்திருக்கிறதே என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் ஆபத்தர்மத்தின் வரம்பு எது? பஞ்சத்தில் பிராமணன் தனக்கு விதிக்கப்பட்ட ஆகார நியமத்தை விட்டான் என்றால், குறைந்தது அவனுடைய நியமம். நஷ்டப்பட்டது அவனுடைய விரதம். தன் கஷ்டத்தைப் பேசத் தெரியாத ஒரு பிராணியின்மேல் மாற்றிவிடுவதற்கு அந்தத் தர்மத்தில் இடம் தேட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலும், இந்த விஷயத்தில் ஏழைமை அவ்வளவு பெரிய தடையும் அல்ல. சுரண்டுவதற்கு உளி, கழுவுவதற்குச் சோடா, காய்வதற்கு வெயில், வாட்டுவதற்குத் தீ என்ற இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு ஒருவேளைக் காப்பிச் செலவுக்கு மேல் இராது. விலையுள்ளது உழைப்பு ஒன்றே. அது ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் தாராளமாக இருக்கிறது. உண்மையில் மனம் இடறும் இடம் வேறு. கட்டி முடித்த அடை இருக்கிறதே, அதைக் கொடுத்தால் இந்த வருஷமே தேன் வருமே, உருக்கிவிட்டால் ஈக்கள் முதலிலிருந்து கட்டவேண்டுமே என்ற கணக்குத்தான் இடறச் செய்கிறது. அந்தக் கணக்கைப் போடுவது வறுமையன்று.

இந்தச் சந்தர்ப்பத்தில் ஜே. ஸி. குமரப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தஞ்சையில் 1892-ல் பிறந்து, லண்டனில் கணக்கு வித்தை கற்று, காந்தியடிகளிடம் வந்து சேர்ந்து, 1934-ல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி, 1960-ல் இதே சென்னையில் காலமானவர் அவர். அந்தச் சங்கம் ஊக்குவித்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிச் சிறையிலிருந்தபோது அவர் எழுதிய நூலில், உலகில் ஜீவன்கள் பிழைக்கும் முறைகளை ஒட்டுண்ணி முறையிலிருந்து சேவை முறை வரை ஐந்து படிகளாக வகுத்து, நான்காவது படியாகிய கூட்டுவாழ்வுக்குத் தேனீயையே உதாரணமாகக் காட்டினார். தனக்கென்று சேர்க்காமல் கூட்டத்துக்கென்று சேர்ப்பதால் அதற்கு அந்த ஸ்தானம். குமரப்பா கேட்காத ஒரு கேள்வியை நாம் அதோடு சேர்த்துக் கேட்கலாம்: நான்காம் படியில் நிற்கும் பிராணியை வளர்க்கிறவன் எந்தப் படியில் நிற்கிறான்? சுத்தி செய்யாத பழம்பெட்டியில் அதை அடைத்து வைத்துத் தேனை மட்டும் எண்ணுகிறவன் முதற்படிக்கு மேல் ஏறவில்லை.

இதற்கு மறுபக்கமாக, புதிது வாங்கிவிட்டால் எல்லாப் பாபமும் தீர்ந்தது என்று நினைப்பதும் பேதைமை. தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவில் ஜனசமுத்திரத்தில் நீந்தி வெளிவருகிறவர்களைப் பார்த்தால், புதிது என்பதே சுத்தம், பழையது என்பதே தோஷம் என்று ஒரு நவீன ஸ்மிருதி எழுதப்பட்டுவிட்டதோ என்று சந்தேகம் தோன்றும். போகியன்று பழம்பாய்களோடு டயரையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்தி ஊரையே கரும்புகையில் மூழ்கடிப்பதும் அந்த ஸ்மிருதியின் அனுஷ்டானமே. புதுப் பெட்டிக்காக விழுந்த மரத்துக்கும் உயிர் உண்டு. எரிக்கவேண்டியதை எரிப்பதும் காக்கவேண்டியதைக் காப்பதும் விவேகம். எல்லாவற்றையும் எரிப்பதற்குப் பணம் போதும், விவேகம் வேண்டாம்.

சுத்தியைப் பற்றிய இந்தக் குறையைச் சாஸ்திரத்தின் குறை என்று சொல்லி நிறுத்திவிட்டால் அது அநியாயம். ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்று ஒரு கிரியையை விதித்திருக்கின்றன. கோயில் பழுதானால் மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ மரப்பலகையிலோ ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, பிறகுதான் விமானத்தில் கைவைப்பார்கள். பழுது நீங்கிய பின்னரே கும்பாபிஷேகம். அங்கே விதியெல்லாம் உள்ளே குடியிருக்கும் மூர்த்தியை உத்தேசித்தே நடக்கிறது, வேலை செய்கிறவனை உத்தேசித்து அல்ல. கபாலீசுவரர் கோயிலே இதற்கு ஒரு விரிந்த திருஷ்டாந்தம்: கடற்கரையில் இருந்த பூர்வ ஆலயம் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தபின் இன்றைய ஸ்தலத்தில் எழுந்தது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட வரலாறு; பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பக்கத்திலும் கிடைத்திருக்கின்றன. இடம் மாறி, கல் மாறி, சுவாமி மாறவில்லை என்றே பக்தர்கள் வணங்குகிறார்கள். தேனீப் பெட்டியிலோ குடி மாறுகிறது, மரம் அப்படியே இருக்கிறது. ஆயினும் உள்ளே வசிப்பவரை முன்னிட்டே பழுது பார்க்கவேண்டும் என்ற நியாயம் இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. இதனிடையே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோயிலின் ஸ்தல விருக்ஷமான புன்னையும், ஊரெங்கும் உள்ள வேம்பும் தேனீயை ஊட்டி வளர்க்கின்றன. நாமோ சுவாமிக்குக் குடம் குடமாகத் தேனபிஷேகம் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து, பால்கனியில் ஒரு கூடு கட்டியிருந்தால் மருந்தடிக்கிறவனுக்குச் சொல்லியனுப்புகிறோம்.

தள்ளவேண்டிய கறுத்த அடைக்கும் ஒரு கதி உண்டு. கொதிநீரில் இட்டு உருக்கித் துணியில் வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் நல்ல மெழுகு தேறும். கும்பகோணத்துக்கு அருகே சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகோடு குங்கிலியம் சேர்த்து மூர்த்தியை வடித்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை வார்க்கிறார்கள். மதூச்சிஷ்ட விதானம் என்று சிற்ப சாஸ்திரம் இதற்குப் பெயர் சொல்லும். எழும்பூர் கண்காட்சிச் சாலையில் நிற்கும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் அனைத்தும் இந்த முறையில் பிறந்தவையே. எச்சிலுக்கு இவ்வளவு அஞ்சிய சமூகம், ஈ உமிழ்ந்த தேனையும், கன்று வாய்வைத்த மடியின் பாலையும், புழு செத்து விட்டுச்சென்ற பட்டையும் பரிசுத்தம் என்று விலக்கு வைத்தது. தேனின் மிச்சமான மெழுகிலிருந்து தெய்வத் திருமேனியையே வார்த்தது. விதிகளைக் காட்டிலும் இந்த விலக்குகளில்தான் நம் முன்னோரின் நுண்ணறிவு எனக்கு அதிகமாகத் தெரிகிறது.

சமணர்கள் இந்த விலக்குக்கு இணங்கியதில்லை. மது, மாமிசம் இவற்றோடு தேனையும் சேர்த்துச் சிராவகன் என்னும் சமண இல்லறத்தான் விடவேண்டிய பொருள்களில் வைத்தார்கள்; தானாக ஒழுகிய தேனைக்கூட அதிலடங்கிய சிற்றுயிர்களை எண்ணிச் சமண ஆசாரியர் அமிர்தசந்திரர் விலக்கினார். இந்தக் கொள்கை மயிலாப்பூருக்கு அந்நியமானது அல்ல. இங்கே நேமிநாதருக்கு ஓர் ஆலயம் இருந்தது; குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டது அந்த மூர்த்தியை நினைத்தே. ஆசிரியரின் மொட்டைமாடிக்கு ஒரு சமணப் பெரியார் எழுந்தருளினால், பெட்டி புதிதா பழையதா என்று ஆராய்ச்சி செய்யும் உம்முடைய தர்மம், தேனை ஏன் எடுக்கவேண்டும் என்பதை மட்டும் ஏன் ஆராயவில்லை என்று கேட்பார். இதற்குப் பூரணமான சமாதானம் என்னிடம் இல்லை. ஒன்று சொல்லலாம். சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிய பழைய வீடுகளின் சுவர்ப் பொந்துகளிலும், முதிர்ந்த மரங்களின் பொந்துகளிலும் வாழ்ந்த அடுக்குத் தேனீக்கு, அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் அந்த வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழ எழ, இருப்பிடம் குறைந்துகொண்டே வருகிறது. பிரம்மஞான சபையின் தோட்டம் போன்ற ஒரு சில இடங்களே மிச்சம். ஆகவே தேனை விரும்பாதவனும் ஒரு பெட்டியை வைப்பது, இழந்த பொந்தை அவற்றுக்குத் திருப்பிக் கொடுப்பதாகும்.

அப்படியானால் ஆசிரியருக்குச் செலவு இன்னும் குறைகிறது. தேன் எடுக்காதவனுக்குத் தேன் அறை வேண்டாம், சுழற்றுக் கருவி வேண்டாம். சட்டங்கள்கூட வேண்டாம், ஈக்கள் மூடியிலேயே அடை தொங்கவிட்டுக்கொள்ளும். சுத்தி செய்த வெறும் பெட்டி ஒன்றைக் கைப்பிடிச் சுவரின் நிழலில், எறும்பு ஏறாதபடி தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தி வைத்தால் போதும். ஆனால் சட்டமில்லாத கூட்டைத் திறந்து பார்க்க இயலாது. உள்ளே நோய் கண்டால் தெரியவராது. அந்த நோய் அடுத்த தெருவிலுள்ள கூட்டுக்கும் போய்ச் சேரும். ஆகையால் தேனை வேண்டாதவனும் சட்டங்களை வைத்தே தீரவேண்டியிருக்கிறது. சட்டம் வந்தால் தேன் எடுக்கும் வசதியும் கூடவே வந்துவிடுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, அடைகள் தேனால் நிறைந்து பளபளக்கும் காலத்தில், எடுக்காமல் மூடியை மூடிவிட்டு வருவது எத்தனை பேருக்குச் சாத்தியம் என்பதைச் சமணர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.